அன்றைக்கு லைட் போட்டது யார்

மகன்,

மாதக்கணக்காக என்னோடு ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு, நேற்று மத்தியானம் நீ அனுப்பிய ஒற்றை வரியை ஜெனிற்றா எனக்கு வாசித்துக் காட்டினாள். "அப்பா, அண்டைக்கு லைட் போட்டது நீங்களோ?" அவ்வளவுதான் இருந்தது. சுகமா என்றில்லை, சாப்பிட்டீர்களா என்றில்லை. நான் கோபிக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒருவன் சுகம் விசாரிக்க முடியாது. உன் அம்மா செத்த அன்று பின்னேரம் என் அறையில் ஒரு லைட் எரிவதும் அணைவதுமாக இருந்தது. அதைக் கட்டாரில் இருந்துகொண்டு அணைத்தது நீ. இங்கே அதைப் போட்டது யார் என்பதைத்தான் இப்போது கேட்கிறாய்.

ஜெனிற்றா போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் அருகே நின்றாள். என் தங்கையின் மகள் என்றாலும், அம்மா போன பிறகு எனக்கு இடுப்புத் துணி மாற்றுவது முதல் கஞ்சி பருக்குவது வரை எல்லாம் அவள்தான். "மாமா, பூனை எண்டு சொல்லிவிடுவம். நீங்கள் நித்திரையாக் கிடந்தனீங்கள், பூனைதான் அறைக்குள்ளை பாய்ஞ்சது எண்டு நான் எழுதிப் போடுறன். மச்சானும் பாவம்தானே" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. பூனை என்ற ஒரு சொல் போதும், நீ இன்றிரவு நித்திரை கொள்வாய். ஓம் நான்தான் என்று சொன்னால் நீ என்ன ஆவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பின்னேரம் வரை அதையே யோசித்துவிட்டு, கடதாசியும் பேனையும் கொண்டுவரச் சொன்னேன். வலது கை செத்துப்போனதால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து அங்கும் இங்கும் இழுபடும், பொறுத்துக்கொள். நான் எங்கெங்கோ தொடங்குகிறேன் என்று உனக்கு எரிச்சல் வரலாம். ஆனால் முழுவதையும் வாசி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பி ஓடி, ஓடி, கடைசியில் முட்கம்பிக்குள் முகாமில் போய் இருந்தோமே, அங்கே விடிய விடிய எரிந்த பெரிய லைட்டுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். கூடாரத் துணியால் அந்த வெளிச்சத்தை மறைக்க முடியவில்லை. நீ அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இதை ஆர் அணைக்கிறது?" என்று கேட்பாய். எங்கள் ஊர் அரிப்புக்குத் திரும்பி வந்து, கூரைத் தகடு போட்ட வீட்டில் குடியேறி, கரண்டும் வந்து சேர்ந்த நாள் தொடக்கம் நீ அறை அறையாகப் போய் லைட்டை அணைக்கத் தொடங்கினாய். சோற்றுக் கோப்பையோடு குசினியில் நிற்கிற அம்மாவையும் இருட்டில் விட்டுவிட்டுப் போவாய். "நான் இஞ்ச நிக்கிறன் மகன், நான் என்ன தூணோ?" என்று அவள் ஏசுவாள். பள்ளிக்கூடத்தில் நீ பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனால் கரண்ட் எங்கே வீணாகப் போகிறது என்று கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

கட்டாரில் வேலை கிடைத்தபோது அதுவே உன் தொழிலாகிவிட்டது. ஒரு பெரிய கட்டடத்தின் நிலவறையில் இருந்துகொண்டு, எந்த மாடியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எந்த மாடியில் இல்லை என்று திரையில் பார்ப்பது. ஆள் இல்லாத இடத்தில் லைட்டும் ஏசியும் தானாக நின்றுவிட வேண்டும், நிற்காவிட்டால் நீ நிற்பாட்ட வேண்டும். அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்த நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். விளங்கியதும் கோவில் முற்றத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்: "சின்னனிலை சும்மா செய்து பேச்சு வாங்கினவன், இப்ப அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள்." சொல்லிவிட்டு முகம் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தாள்.

பிறகு நான் விழுந்தேன். மன்னாரில் இருந்து அரிப்பு வழியாகச் சிலாவத்துறைக்கு அவ்வளவு காலம் பஸ் ஓட்டியவன், ஒரு நாள் காலை செருப்பைப் போடக் குனிந்து அப்படியே சரிந்தேன். பாரிசவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. தகட்டுக் கூரைக்குக் கீழே அந்த வெக்கையில் முதுகில் புண் வந்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் நீ காசு அனுப்பி என் அறைக்கு ஏசி போட்டாய். புண் ஆறியது. ஆனால் அந்தக் காலத்தில்தான் காசில்லாமல் நாடும் விழுந்தது, கரண்ட் விலையும் ஏறியது. பில் வந்தால் அம்மா அதை மேசையில் கவிழ்த்து வைப்பாள். நான் கண்ணயர்ந்தவுடன் சத்தம் போடாமல் வந்து ஏசியை நிற்பாட்டிவிட்டு, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு இருப்பாள். நான் முழித்தால் ஏசி தானாக நின்றுவிட்டது என்பாள். பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் போனால் கடற்கரை நெடுகக் கரண்ட் எடுக்கிற காற்றாடி சுற்றுகிறது. இங்கே நாங்கள் ஃபேனைப் போடப் பயந்துகொண்டு கிடந்தோம்.

இதையெல்லாம் நீ போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அடுத்த லீவுக்கு வரும்போது சூட்கேஸ் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டியாகக் கொண்டுவந்தாய். சவர்க்காரமும் சொக்லேற்றும் எதிர்பார்த்து வந்திருந்த சனத்துக்கு ஏமாற்றம். ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஆள் அசைவைப் பார்க்கிற ஒரு கண்ணைப் பூட்டினாய். சுவிச்சுகளையும் பிளக்குகளையும் மாற்றினாய். எல்லாவற்றையும் வைபையில் கட்டி உன் போனுக்குள் கொண்டுபோய் வைத்தாய். அறையில் ஆள் இருந்தால் ஃபேன் ஓடும், இல்லையென்றால் நிற்கும். அம்மா பின்னாலேயே திரிந்து, "மகன், நான் ஆணியிலை கொழுவின படத்தை எடுக்காதை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதப் பில்லை அவள் கவிழ்த்து வைக்கவில்லை. நிமிர்த்தி, மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அதை நான் ஒளிக்கப் போவதில்லை. நீ செய்தது நல்ல வேலை, அது எங்களுக்கு உதவியது. நடந்ததை வைத்துக்கொண்டு அதையும் பிழை என்று நீ நினைக்கக்கூடாது.

ஆனால் அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. நீ திரும்பிப் போன கிழமையே அது விளங்கிவிட்டது. அசையாமல் கிடக்கிற மனிசன் அதற்கு ஆள் இல்லை. நல்ல வெயிலில் ஏசி நின்றுவிடும். அம்மா குசினியில் இருந்து ஓடி வந்து அறை நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டுவாள், அது திரும்ப ஓடும். அவள் இல்லாத நேரம் நான் இடது கையை மேலே தூக்கி ஆட்டப் பழகினேன். ஆயுள் முழுக்கச் சனம் வழி நெடுக நின்று எனக்குக் கை காட்டியது, நான் பஸ்ஸை நிற்பாட்டினேன். இப்போது நான் கூரைக்குக் கை காட்ட வேண்டியிருந்தது. செபமாலை சொல்லும்போதும் அதே கதைதான். முழந்தாளில் அசையாமல் இருந்தால் பாதியில் லைட் போய்விடும். அம்மா செபத்தை நிறுத்தாமல் ஒரு கையால் நுளம்பு கலைப்பது மாதிரி ஆட்டுவாள். உனக்குச் சொன்னபோது நீ வெட்கப்பட்டாய். அங்கிருந்தே நேரத்தைக் கூட்டி வைத்தாய். மூச்சு விடுவதைக்கூடக் கண்டுபிடிக்கிற சாமான் இருக்கிறது, அடுத்த லீவுக்குக் கொண்டுவந்து உங்கள் அறைக்குப் பூட்டுகிறேன் என்றாய். நீ அதை வாங்கி வைத்திருந்தாய் என்று உன் அறைச் சிநேகிதன் ஜெனிற்றாவுக்குச் சொன்னானாம். அது இன்னும் பெட்டி உடைக்காமல் உன் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதாம்.

பூனைக் கதைக்கும் வர வேண்டும். நாங்கள் மன்னாரில் கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டுக்குள் அசைவு என்று உன் போனுக்குத் தகவல் வந்தது. நீ பதறிப்போய் எனக்குப் போன் எடுத்தாய், அம்மாவுக்கு எடுத்தாய், சிலாவத்துறையில் இருக்கிற சலீமுக்கும் எடுத்தாய். என் பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற சலீம், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுப் பூனை யன்னலால் இறங்கி என் கட்டிலில் படுத்திருந்தது. பிறகு எத்தனை நாள் அதை வைத்து உன்னைப் பகிடி பண்ணினோம். "கள்ளனுக்கு வாலும் இருந்தது" என்று சலீம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அம்மா உனக்கே சொன்னாள்: "பூனைக்கெல்லாம் போன் எடுக்காதை மகன், எங்கட மானம் போகுது." நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பூனை பல தரம் வந்து போயிருக்கும். நீ ஒரு தரமும் எடுக்கவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் நீ கேட்டு நடந்தாய்.

ஆவணியில் மடு மாதா கோவில் திருநாளுக்கு எங்கள் ஊர் முழுக்க வெறிச்சிடும் என்பதைப் பிற ஊர்க்காரர் நம்பமாட்டார்கள். நவநாள் தொடங்கினால் சட்டி பானை, பாய், அரிசி எல்லாவற்றோடும் காட்டுக்குள் போய்க் கூடாரம் அடித்து, திருநாள் முடிந்துதான் திரும்புவது. வீடுகள் பூட்டு, படகுகள் கரையில், கோவில் மணி அடிக்கிறவனும் மடுவில். அதற்கென்றே நீ உன் போனில் ஒரு பொத்தான் வைத்து, அதற்கு மடு என்று பெயரும் வைத்தாய். அதை அமத்தினால் ஐஸ்பெட்டியைத் தவிர வீட்டில் ஒன்றும் ஓடாது. மறதியில் எதையாவது போட்டபடி போனாலும் கரண்ட் போகக்கூடாது என்று, சுவரில் இருக்கிற சுவிச்சும் வேலை செய்யாதபடி வைத்திருந்தாய். ஏதாவது அசைந்தால் மட்டும் அந்த அறை லைட் எரிந்து, உனக்குத் தகவல் வரும். கள்ளன் வந்தால் வெளிச்சத்தைக் கண்டு ஓடட்டும் என்று சொன்னாய். அந்தப் பெயரைக் கேட்டு அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். மாதாவின் பேரை வைத்திருக்கிறான், வீட்டுக்குக் காவல் என்றாள்.

அந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவதாக அவளுக்கு நேர்த்திக்கடன். கட்டிலோடு கிடக்கிறவனை ஒரு வான் பிடித்து ஏற்றிப் போய் மாதா முன்னால் வைப்பது என்று ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாளே உனக்கும் எடுத்து, விடிய வெளிக்கிடுகிறோம் என்று சொன்னாள். காலையில் எனக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. வான் வந்து நின்றபோது நான் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. "நீங்கள் போங்கோ, நாங்கள் நாளைக்கு ஓட்டோ பிடிச்சு வாறம்" என்று அம்மா வானில் ஏறியிருந்த ஊர்ச் சனத்தை அனுப்பிவிட்டாள். என் போன் சாமான் பையோடு வானில் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய போன் ஹோலில் இருந்தது. அதில் நீ அனுப்பியதை அவள் எனக்கு வாசித்தாள்: "மடு போட்டாச்சு அம்மா. மாதாவிட்டை எனக்கும் சேர்த்துக் கேளுங்கோ." வாசித்துவிட்டு, "வேலைக்குப் போற நேரம் பிள்ளையைக் குழப்பக்கூடாது, ஆறுதலா எடுத்துச் சொல்லுவம்" என்று போனைத் திரும்ப ஹோல் மேசையில் வைத்துவிட்டு வந்து என் நெற்றிக்கு ஈரத் துணி போட்டாள். அவள் நடமாடிய அசைவெல்லாம் உனக்கு வந்திருக்கும். வெளிக்கிடுகிற அவதி என்று நீ நினைத்திருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெயில் ஏற ஏற அறை கொதித்தது. எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. "இனிப் பாத்தால் சரிவராது. இருங்கோ, அவனுக்கு எடுத்து மடுவைக் கழட்டச் சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டு அம்மா எழும்பிப் போனாள். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில், அந்தப் பெரிய அலுமாரி நிற்கிற ஒடுக்கத்தில் விழுந்தாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், இரண்டு பக்கமும் கம்பி. நான் இரவில் உருண்டு விழாமல் இருக்க அவளே தூக்கிப் பூட்டிவிட்ட கம்பி. ஒரு கையால் அதைப் பிடித்து ஏறப் பார்த்தேன். முடியவில்லை மகன். எனக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. பிறகு கத்தத் தொடங்கினேன். வெளியே சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஊரில் ஒரு மனிதர் இல்லை.

பின்னேரம்தான் அவளுக்கு நினைவு திரும்பியது. முதலில் ஒரு முனகல், பிறகு "இஞ்சேருங்கோ" என்றாள். நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் சொல் விளங்கியது. ஒரு பக்கம் அசைக்க முடியவில்லை என்றாள். என்னைப் பிடித்ததுதான் அவளையும் பிடித்திருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. அவள் கிடந்த ஒடுக்கத்தை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை, அலுமாரி மறைத்தது. அந்த நிலையில் கிடந்துகொண்டு அவள்தான் யோசித்தாள்: "கையை ஆட்டுங்கோ. மேலை தூக்கி ஆட்டுங்கோ. லைட் பத்தும், அவனுக்குப் போகும்." நீ விளங்கப்படுத்தியதை அவள் எவ்வளவு வடிவாக விளங்கி வைத்திருந்தாள் என்று பார்.

ஆட்டினேன். லைட் எரிந்தது. எரிந்த கையோடு அணைந்தது. திரும்ப ஆட்டினேன். எரிந்தது, அணைந்தது. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. காய்ச்சலில் கை கீழே விழுந்துவிடும், திரும்பத் தூக்குவேன். கடைசியில் எவ்வளவு ஆட்டியும் எரியவில்லை. அந்த அறைக் கண்ணையே நீ நிற்பாட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் இருட்டும்வரை ஆட்டிக்கொண்டுதான் கிடந்தேன். ஹோலில் போன் அடிக்கவில்லை.

ஆகவே ஓம். அன்றைக்கு லைட் போட்டது நான்தான்.

அடுத்த நாள் காலை சலீம் வந்தான். வான்காரனை முருங்கன் சந்தியில் கண்டு, எங்களை ஏற்றாமல் போனதைக் கேள்விப்பட்டு, எனக்குக் குடிக்க இளநீரும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வாசலில் நின்று "அண்ணன், அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தான். தன் சாரத்தின் மேலே கட்டியிருந்த துவாயை அவிழ்த்து அம்மாவை மூடிவிட்டு என்னிடம் வந்தான். நீ வந்து இறங்கிய அன்று பெட்டிக்குள் கிடந்த அம்மாவைப் பார்க்கும் முன் நீ கூரையைப் பார்த்தாய். அதில்தான் எனக்கு விளங்கியது, உனக்கும் தெரியும் என்று. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையால் வந்ததும் ஏணியைப் போட்டு எல்லாவற்றையும் பிடுங்கி, முற்றத்தில் போட்டுக் கல்லால் இடித்தாய். சனம் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்றது. பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "அம்மா கூப்பிட்டவவோ?" என்று கேட்டாய். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எட்டாம் நாள் பூசை முடிந்ததும் நீ போய்விட்டாய். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு லொறி ஓட்டுகிறாயாம். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை, சில நாள் லைட்டைப் போட்டபடி இருந்து விடிக்கிறாயாம்.

நீ அணைக்காமல் ஒரு கோல் எடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்பதுதான் உன் கேள்விக்கு உள்ளே இருக்கிற கேள்வி. அதையும் நான் டொக்டரிடம் கேட்டேன். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். ஹோலில் போன் அடித்து ஒருவரும் எடுக்காவிட்டால் நீ சலீமுக்கு எடுத்திருப்பாய், சலீம் வந்திருப்பான். இதை நான் உனக்கு இல்லை என்று எழுத முடியாது. உன்னைத் தேற்றுவதற்காக ஒரு பொய்யை எழுதினால், பிறகு நான் எழுதுகிற எதையும் நீ நம்பமாட்டாய். அது உன் கையால் நடந்தது. ஆனால் உன் மனதால் நடக்கவில்லை. வெறும் வீட்டில் கரண்ட் வீணாகிறது என்று நினைத்து ஒரு லைட்டை அணைத்தாய். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் உனக்குப் பூனையைப் பழக்கினோம், நானும் காய்ச்சலில் கிடந்தேன், அம்மாவும் உன்னைக் குழப்பக்கூடாது என்று போனைத் தள்ளி வைத்தாள். இதில் யார் யாரைக் குற்றம் சொல்வது. எனக்கு உன்னில் கோபம் இல்லை. இருந்தது, ஒரு மாதம் போல இருந்தது. பிறகு இல்லை. அந்த ஒரு மாதத்தையும் உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சத்தை நீ நம்ப வேண்டும்.

லொறியை விடு மகன். அது கெட்ட தொழில் இல்லை, நானும் ஸ்டியரிங் பிடித்துத்தான் உன்னை வளர்த்தேன். ஆனால் உன் தொழில் அது இல்லை. இந்தச் சாமான்கள் இனி எல்லா இடமும் வரும். மன்னாரில் புதிதாகக் கட்டுகிற ஹோட்டல்களுக்கு வரும், ஆஸ்பத்திரி வார்டுக்கு வரும், வயது போனவர்களை வைத்துப் பார்க்கிற மடங்களுக்கும் வரும். கரண்ட் விற்கிற விலைக்கு வராமல் இருக்காது. பூட்டுகிறவர்கள் பில்லைப் பார்ப்பார்கள், அறையில் யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கு இது தெரியாது, உனக்குத் தெரியும். திரையில் ஆள் இல்லை என்று காட்டினால் அதை நம்பாதே. வாயைத் திறந்து ஒருவரைக் கேள். பகிடி பண்ணுவார்கள் என்று பார்க்காதே, நூறு தரம் பூனையாக இருந்தாலும் போன் எடு. உன் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற அந்தப் பெட்டியை உடைத்துப் பார். எனக்குப் பூட்ட வேண்டும் என்றில்லை. என்னைப்போல அசையாமல் கிடக்கிற யாருக்காவது பூட்டு.

இன்னும் ஒன்றை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சுவாமிக்கும் சொல்லவில்லை. லைட் எரிந்து அணைந்த அந்த நேரம், தானாக அணைவதென்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் அணையும் என்று எனக்குத் தெரியும். இது உடனே அணைந்தது. அங்கே ஒரு கை அணைக்கிறது என்று விளங்கியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது மகன். அந்த வெக்கைக்குள், காய்ச்சலுக்குள், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பிள்ளை கண்டிட்டான்" என்று அம்மாவுக்குக் கத்திச் சொன்னேன். "அவன்தான் அணைக்கிறான். இப்ப போன் எடுப்பான் பார்."

 அவள் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு சொன்னாள்: "எடுத்தால் நான் விழுந்து கிடக்கிறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அங்கை தனியக் கிடந்து பயந்திடுவான். அம்மா குசினியிலை நிக்கிறா எண்டு சொல்லுங்கோ. சலீமை வரச்சொல்லி மட்டும் சொல்லுங்கோ."

போன் எட்டாத ஹோலில் கிடப்பதை இரண்டு பேரும் அந்த நேரம் யோசிக்கவில்லை. நான் ஓம் என்றேன். அதுதான் அவளுக்கு நான் கடைசியாகச் சொன்ன சொல். நீ இப்போது எடுப்பாய் என்று காத்துக்கொண்டே அவள் போனாள், எடுக்கமாட்டாய் என்று நினைத்துப் போகவில்லை. அவளுக்கு ஓம் சொன்னபடியால்தான் உனக்கு நான் சுவரைக் காட்டிக்கொண்டு கிடந்தேன். இனி மறைக்க என்னால் ஏலாது. அம்மா குசினியில் நிற்கவில்லை மகன். அவளுடைய ஆண்டுப் பூசைக்கு வா.

அப்பா